பதினோராவது வரி

நவம்பர் 27

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்களும் அம்மாவும் எப்படி இருக்கிறீர்கள்? போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீங்கள் பேசிக்கொண்டே இருந்தீர்கள், நான் "ம்" கொட்டிக்கொண்டே இருந்தேன். வைத்த பிறகுதான் சொல்ல நினைத்ததெல்லாம் ஞாபகம் வந்தது. அதனால் வழக்கம்போலக் காகிதம்.

இந்த வருட விடுமுறைக்கு என்னால் வர முடியாது அப்பா. வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆகாதவர்களுக்கு விடுப்பு இல்லையாம். அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. விடுமுறை வந்தால் மூக்கு முட்டச் சாப்பிட்டுவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு எங்கள் மருத்துவமனையில் வரிசையில் நிற்கிறார்களாம். அவர்களுக்காக உணவுத் துறையிலிருந்து ஒரு துண்டுப் பிரசுரம் போடுகிறோம். எழுதும் வேலையைத் துறைத் தலைவி மேடம் எனக்குக் கொடுத்திருக்கிறார். என் மேசை படிக்கட்டுக்குக் கீழே இருக்கிறது. யார் ஏறினாலும் தலைமேல் நடப்பது போலக் கேட்கும். அங்கே உட்கார்ந்து பதினோரு வரி எழுதியிருக்கிறேன். உங்களை நினைத்துத்தான் எழுதினேன். வருடக் கடைசி விருந்தில் எல்லாரையும்விட அதிகம் சாப்பிட்டுக் கடைசியாக எழுந்து தொழிற்சாலை மணியை அடிப்பவருக்குப் புரிந்தால் உலகத்துக்கே புரியும்.

கையெழுத்துப் பிரதியை இதோடு வைத்திருக்கிறேன். படித்துவிட்டு, புரியாத இடம் இருந்தால் சொல்லுங்கள்.

உங்கள் எழுத்துக்காகக் காத்திருக்கும்,
பாப்பா

---

டிசம்பர் 6

பாப்பாவுக்கு,

காகிதம் வந்துச்சு. அம்மா ரெண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வெச்சிருந்தா. மூணாம் நாள், "வேலைன்னா அப்படித்தான்"னு அவளே எனக்குச் சமாதானம் சொல்றா.

உன் பதினோரு வரியைக் கேன்டீன்ல பெஞ்சு மேல ஏறி நின்னு படிச்சேன். வழக்கம்தானே. "நம்ம வீட்டு முதல் பட்டதாரி எழுதினது, காதைத் தீட்டிக்கோங்க"ன்னேன். "சின்னத் தட்டு எடுங்கள்"னு படிச்சதும், எனக்கு அண்டான்னு பேரு வெச்ச லாரி டிரைவர், "அண்டாவுக்கு எதுக்குய்யா தட்டு, மூடியே போதாதா"ன்னான். ஒவ்வொரு வாயையும் நல்லா மெல்லணும்னு போட்டிருந்தியே, அதுக்குப் பசைக்காரர், "இவரு மென்னு முடிக்கிறதுக்குள்ள விடுமுறையே முடிஞ்சிடும்"னாரு. ரெண்டாம் தடவை வாங்கறதுக்கு முன்னாடி இருபது நிமிஷம் பொறுக்கணும்னா, அதுக்குள்ள சட்டி காலியாயிடுமேன்னு ஒருத்தன். சாப்பிட்டதும் படுக்காம பத்து நிமிஷம் நடக்கணுமாம். "நடக்கறதா? இவரை உருட்டித்தான் விடணும்!" அட்டைப்பெட்டி மடிக்கிற பொம்பளைங்க எல்லாம் சிரிச்சுச் சிரிச்சுக் கண்ணைத் துடைச்சாங்க.

கடைசி வரி வந்தப்போ யாரும் சிரிக்கல. "விழுங்கும்போது உணவு தடைபட்டால், முயலாமலே எடை குறைந்தால், அடிக்கடி வாந்தி வந்தால், அதை விடுமுறைச் சாப்பாட்டின் மேல் போடாதீர்கள். உடனே மருத்துவரைப் பாருங்கள்." எனக்கே குரல் கொஞ்சம் இறங்கிடுச்சு. பசைக்காரர்தான், "பொண்ணு வெவரமா எழுதியிருக்கு"ன்னாரு.

எல்லா வரியும் புரியுது. அச்சு அடிச்சதும் அனுப்பு. சுவத்துல ஒட்டணும்.

அப்பா

---

டிசம்பர் 16

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் எழுதியதைப் படிக்கட்டுக்குக் கீழே உட்கார்ந்து தனியாகச் சிரித்துக்கொண்டே படித்தேன். மேலே ஏறிய நர்ஸ் ஒருவர் குனிந்து பார்த்துவிட்டுப் போனார்.

அச்சாகிவிட்டது. இதோடு பத்துப் பிரதி வைத்திருக்கிறேன். நீல எழுத்து, வழவழப்பான காகிதம். கீழே சிரிக்கிற ஆப்பிள் படம் ஒன்று இருக்கிறது, அது மேடத்தின் யோசனை. என் பெயர் இதில் எங்கும் இல்லை. ஆனால் எழுதியது நான்தான் என்று உங்களுக்குத் தெரியுமே, அது போதும்.

விருந்தில் என்னை நினைத்துக்கொண்டு ஒரு கரண்டி குறைவாகச் சாப்பிடுங்கள். மணி அடித்ததையும் எழுதுங்கள்.

பாசத்துடன்,
பாப்பா

---

ஜனவரி 5

பாப்பாவுக்கு,

இன்னிக்குத்தான் தொழிற்சாலை திறந்தாங்க. பத்து நாள் கழிச்சு மிஷினைத் தட்டினா என்னை மாதிரியே முனகுது.

விருந்து கதையைக் கேளு. வழக்கம்போல அட்டை வெட்டுற மேசைங்களை வரிசையாப் போட்டு, புது அட்டையை விரிச்சு, அதுமேல சாப்பாடு. நாலு வகை இறைச்சி, மூணு வகை இனிப்பு. நான் சின்னத் தட்டு எடுத்தேன். கொஞ்சமா வெச்சேன். ஒவ்வொரு வாயையும் மென்னேன் மென்னேன், மாவாகுற வரைக்கும் மென்னேன். நடுநடுவுல ஒரு மடக்குத் தண்ணி. ஒரு தட்டு முடிக்க ஒண்ணே கால் மணி நேரம் ஆச்சு. திரும்பிப் பார்த்தா எல்லாரும் எழுந்துட்டாங்க! கடைசி ஆள் நான்தான். இருபத்து மூணாவது வருஷமா மணி நானே அடிச்சேன். முதலாளி கையைக் குடுத்து, "அண்டாவை அடிச்சுக்க ஆளில்லை"ன்னாரு. நான் தின்னது ஒரு சின்னப் பிள்ளை தின்னுற அளவுன்னு யாருக்கும் தெரியாது. உனக்கும் எனக்கும் மட்டும் தெரியும்.

ஒண்ணு கேக்கணும். பசை தடவி ஒட்டினப்போ எண்ணிப் பார்த்தேன். அச்சுல பத்து வரிதான் இருக்கு. கடைசி வரியைக் காணோமே? ஆப்பிள் இருக்கிற எடத்துல அதுதானே இருந்திருக்கணும்? மறந்துட்டாங்களா, இல்ல தேவையில்லையா? சும்மாதான் கேக்கறேன்.

அப்பா

---

ஜனவரி 14

அன்புள்ள அப்பாவுக்கு,

மணி நீங்கள் அடித்ததில் எனக்குத்தான் பெருமை அதிகம். அக்கம்பக்கத்தில் யாரும் இல்லாத நேரம் பார்த்து மேசையை ஒரு தட்டுத் தட்டினேன், உங்கள் மணிக்குப் பதில் மணியாக.

அந்தக் கடைசி வரியைக் கேட்டிருந்தீர்கள். அதை நானேதான் எடுத்தேன். விடுமுறைச் சாப்பாட்டுக்கு அது அவ்வளவு முக்கியம் இல்லை என்று பிறகு தோன்றியது. மற்ற பத்தும் போதும் அப்பா. அவற்றைக் கடைப்பிடித்தால் வயிறு தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும்.

அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

பாப்பா

---

மார்ச் 3

பாப்பாவுக்கு,

எழுத நாளாயிடுச்சு, கோவிச்சுக்காதே.

நீயே யோசிச்சு எடுத்தேன்னு எழுதியிருந்தியே, அதைப் படிச்சதும் நெஞ்சுல இருந்து ஒரு மூட்டையை எறக்கி வெச்ச மாதிரி இருந்துச்சு. காரணம் கேக்காதே, கிழவன் பயம்னு வெச்சுக்கோ.

உன் பத்து வரியையும் ஒண்ணு விடாம செய்யறேன். விடுமுறைக்கு மட்டும் எதுக்கு, வருஷம் பூரா செய்வோமேன்னு. பெருசா எதுவும் சாப்பிடறதில்லை. ரொட்டியைப் பால்ல ஊறப் போட்டு, குழைச்சு, கொஞ்சம் கொஞ்சமா. கெட்டியா இருந்தா இப்போ எல்லாம் எறங்க மாட்டேங்குது, அதனால மெல்லுறதே பாதி வேலை. சாப்பிட்டுட்டு கிடங்கைச் சுத்தி நாலு சுத்து. உடம்பு என்னமா எளைச்சிருக்கு தெரியுமா? எடை மிஷின்ல பதினொரு கிலோ குறைச்சல்! பெல்ட்ல ஓட்டை பத்தாம, அட்டையில துளை போடுற மிஷின்ல வெச்சு மூணு ஓட்டை நானே போட்டேன். "அண்டாவைப் போட்டு நசுக்கிச் சொம்பாக்கிட்டா பட்டதாரி"ங்கறான் லாரி டிரைவர். பசைக்காரர் மட்டும், "போதும்யா, நிறுத்து"ங்கறாரு. பொறாமை.

அம்மா புலம்பறா. அவளுக்கு ஒரு வரி எழுது, இது நல்லதுக்குத்தான்னு.

அப்பா

---

மார்ச் 11

அன்புள்ள அப்பாவுக்கு,

பதினொரு கிலோவா! நான் நம்பவே இல்லை, இரண்டு தடவை படித்தேன். இங்கே எத்தனை பேருக்கு அட்டவணை போட்டுக் கொடுத்திருக்கிறேன், ஒருவரும் இரண்டு கிலோவைத் தாண்டவில்லை. அம்மாவிடம் சொல்லுங்கள்: புலம்ப வேண்டாம், இது நல்லதுக்குத்தான். அவளுக்காக நீங்கள் கேட்ட வரி இதுதான்.

வரும் செவ்வாய்க்கிழமை எங்கள் துறைக் கூட்டம். பிரசுரத்தால் யாருக்காவது பலன் கிடைத்ததா என்று மேடம் கேட்பார். நான் இதுவரை எந்தக் கூட்டத்திலும் வாயைத் திறந்ததில்லை. இந்த முறை உங்களைப் பற்றிச் சொல்லப் போகிறேன். நாலு வாக்கியம்தான், எழுதி மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறேன்.

பெருமையுடன்,
பாப்பா

---

மார்ச் 18

அப்பா,

போனில் சொன்னேன், "சரி சரி" என்றீர்கள். அம்மாவிடம் கொடுங்கள் என்றேன், வைத்துவிட்டீர்கள். நான் வாயால் சொல்வதை நீங்கள் ஒருநாளும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. அதனால் எழுத்தில் எழுதுகிறேன்.

நேற்றுக் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னேன். எல்லாரும் கை தட்டினார்கள். குடல் பிரிவு டாக்டர் ஒருவரும் வந்திருந்தார். அவர் மட்டும் தட்டவில்லை. கூட்டம் முடிந்ததும் நடைபாதையில் என் பின்னாலேயே வந்தார். "அப்பாவுக்கு என்ன வயசும்மா?" என்றார். ஐம்பத்தாறு என்றேன். "கெட்டியா சாப்பிட முடியுதா?" "இப்போ ஊற வெச்சுத்தான்..." என்று சொல்லும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. அவர் அடுத்த கேள்வியைக் கேட்கவில்லை. "இந்த வாரமே காட்டச் சொல்லு" என்று மட்டும் சொன்னார்.

நடப்பதை நிறுத்துங்கள். மெல்லுவதை, ஊற வைப்பதை, எல்லாவற்றையும் விடுங்கள். இது கையில் கிடைத்த மறுநாள் காலையில் வேலைக்குப் போகாமல் பெரிய மருத்துவமனைக்குப் போய், தொண்டை வழியாகக் குழாய் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போங்கள். என்மேல் ஆணை.

பாப்பா

---

ஏப்ரல் 9

பாப்பாவுக்கு,

நீ சொன்ன மாதிரியே போனேன். மறுநாளே போகலை, ஒரு பெரிய ஆர்டர் இருந்துச்சு, அஞ்சு நாள் கழிச்சுப் போனேன். குழாய் விட்டுப் பார்த்தாங்க. ஒரு துண்டு எடுத்தாங்க. அப்புறம் ஒரு குகைக்குள்ள படுக்க வெச்சுப் படம் எடுத்தாங்க.

சோறு எறங்குற குழாயும் வயிறும் சேர்ற எடத்துல கட்டியாம். ஈரல் வரைக்கும் போயிடுச்சாம். வெட்டி எடுக்கிற கட்டம் தாண்டிடுச்சுன்னு டாக்டர் மேசையைப் பார்த்துட்டே சொன்னாரு. சின்ன வயசுக்காரரு, உன்னைவிட நாலஞ்சு வருஷம்தான் பெரியவரா இருப்பாரு. எனக்கே பாவமா இருந்துச்சு. அடைப்பு விரியறதுக்கு உள்ள ஒரு வலைக்குழாய் வெக்கிறேங்கறாரு. அதுல கஞ்சித்தண்ணி மாதிரி ஏதாவது எறங்குமாம்.

"இவ்வளவு நாள் என்ன பண்ணீங்க?"ன்னு கேட்டாரு. "சும்மா இல்லைங்க, முறையாத்தான் இருந்தேன்"னு சட்டைப் பையில இருந்து உன் நீலக் காகிதத்தை எடுத்துக் காட்டினேன். "என் மக எழுதினது. அவளும் ஆஸ்பத்திரியிலதான் இருக்கா"ன்னேன். அவரு படிச்சாரு. பின்பக்கம் ஏதாவது இருக்கான்னு திருப்பிப் பார்த்தாரு. திரும்பவும் முன்பக்கம் பார்த்தாரு. மடிச்சு என் கையிலயே குடுத்துட்டாரு. அந்தப் பார்வைதான் எனக்கு வெளங்கல.

அம்மாகிட்ட பாதிதான் சொல்லியிருக்கேன். நீயும் பாதியே சொல்லு.

அப்பா

---

ஏப்ரல் 15

அப்பா,

டாக்டர் பின்பக்கம் எதைத் தேடினார் என்று எனக்குத் தெரியும்.

அந்தக் கடைசி வரியை நான் எடுக்கவில்லை. மேடம் எடுத்தார். ஆப்பிள் படத்துக்கு இடம் பற்றவில்லை. "விடுமுறை நேரத்துல இதைப் போய்ப் படிச்சா யாருக்கு வாயில வெக்கத் தோணும்? எடுத்துடலாம், சரிதானே?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அந்த வரி இல்லாமல் மற்ற பத்துக்கும் பொருளே இல்லை என்று எனக்குத் தெரியும். நாலு வருடம் அதைத்தான் படித்தேன். நான் "ம்" என்றேன். அவ்வளவுதான் நடந்தது. ஒரே ஒரு "ம்".

பிறகு நீங்கள் கேட்டீர்கள். பெஞ்சு மேல் ஏறி நின்று என்னைப் பற்றிப் பேசுகிறவரிடம், இங்கே நான் வாயில்லாப் பூச்சி, என் மேசை படிக்கட்டுக்குக் கீழே, என்னை யாரும் ஒரு பொருட்டாக நினைப்பதில்லை என்று எழுத வெட்கமாக இருந்தது. நானே எடுத்தேன் என்று எழுதினால் பெரிய ஆள்போல இருந்தது. அதனால் எழுதினேன். நீங்கள் ஏன் கேட்கிறீர்கள் என்று ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. "நெஞ்சுல இருந்து ஒரு மூட்டையை எறக்கி வெச்ச மாதிரி" என்று எழுதினீர்கள். அப்போதும் யோசிக்கவில்லை. பதினொரு கிலோ என்றீர்கள், மகிழ்ந்தேன். வாட்டசாட்டமாக இருந்த ஒருவர் பெல்ட்டில் மூன்று ஓட்டை போட்டுக்கொண்டதற்கு ஒரு கூட்டத்தையே கை தட்ட வைத்தேன்.

என்னைத் திட்டி எழுதுங்கள். கேன்டீனில் பெஞ்சு மேல் ஏறி நின்று எல்லாருக்கும் இதையும் படித்துக் காட்டுங்கள். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

பாப்பா

---

ஏப்ரல் 29

பாப்பாவுக்கு,

உன் காகிதம் வந்து ஒரு வாரம் ஆச்சு. உன் மேல கோவம் இல்லைன்னு எழுதத்தான் முதல்ல உக்காந்தேன். எழுத வரல. ஏன்னா கோவம் இருந்துச்சு. ரெண்டு நாள் உன் படத்தைக்கூடப் பார்க்கல. அந்த மேடத்துகிட்ட நீ பேசலைன்னு இல்ல. எனக்கும் முதலாளி முன்னாடி வாய் வராது, அது நம்ம ரத்தத்துல இருக்கு. என்கிட்டயுமா பாப்பா? நான் உனக்கு யாரோவா?

அப்புறம் யோசிச்சேன். நான் மட்டும் என்ன ஒழுங்கு? நீ கையால எழுதி அனுப்பினப்பவே எனக்குச் சோறு நெஞ்சுல நிக்க ஆரம்பிச்சாச்சு. பெஞ்சு மேல நின்னு அந்த வரியைப் படிச்சேனே, படிக்கும்போதே அது எனக்குன்னு தெரியும். எறங்கிப் போய்ப் பசை காய்ச்சுற கொட்டகைக்குப் பின்னாடி வாந்தி எடுத்தேன். பசைக்காரர் பார்த்துட்டாரு. யார்கிட்டயும் சொல்லாதேன்னு சத்தியம் வாங்கினேன். அச்சுல அந்த வரி இல்லைன்னதும், உன்கிட்ட விஷயத்தைச் சொல்லாம, சும்மாதான் கேக்கறேன்னு எழுதினேன். எனக்கு வேண்டிய பதிலை நீ குடுத்தே. நான் பிடிச்சுக்கிட்டேன்.

இதை ஆறுதலுக்கு எழுதலை. உன் பங்கு உன்னோடதுதான், அதை நான் வாங்கிக்க முடியாது. என் பங்கு என்னோடது.

உன் காகிதத்தைக் கேன்டீன்ல படிக்கல. காகிதம் வந்தும் படிக்காம வெச்சது இதுதான் முதல் தடவை. இனிமே படிக்கவும் முடியாது, பெஞ்சு ஏற முட்டி வலுவில்லை, சத்தமும் வரல. ஆனா நேத்து தொழிற்சாலைக்குப் போனேன். கணக்கு முடிச்சு வாங்கத்தான். நீ முதல்ல கையால எழுதி அனுப்பினியே, அது என் பெட்டியில பத்திரமா இருந்துச்சு. கடைசி வரியை மட்டும் கத்தரிச்சு எடுத்துட்டுப் போனேன். சுவத்துல இருக்கிற நீலக் காகிதத்துல, அந்த ஆப்பிள் மேல பசை தடவி ஒட்டினேன். நேரா ஒட்ட முடியல. லாரி டிரைவர், "இது எதுக்கு இப்போ?"ன்னான். "எடம் பத்தலைன்னு பாப்பா தனியா அனுப்பிச்சிருந்தா, நான்தான் ஒட்ட மறந்துட்டேன்"னு சொன்னேன். அங்க அப்படித்தான் இருக்கட்டும். நீ போய் யார்கிட்டயும் மாத்திச் சொல்லாதே.

வலைக்குழாய் வெச்சாச்சு. தண்ணி எறங்குது. அம்மாவுக்கு இப்போ முழுசும் தெரியும். சமைக்கறதை நிறுத்திட்டா. அவளுக்கு ஏதாவது ஆக்கிப் போட ஆள் வேணும்.

இதுக்குப் பதில் போடாதே. தபால் வர ஒரு வாரம் ஆகுது, அது இப்போ எனக்குப் பெரிய நாளு. நீயே வா. வந்து எதுவும் சொல்ல வேண்டாம், எப்பவும் போல "ம்" கொட்டிட்டுப் பக்கத்துல உக்காரு, போதும்.

விடுமுறைக்கு வரலாம்னு மட்டும் இருந்துடாதே.

அப்பா